ரீச்சரின் குரல்: எங்கள் ஒலி நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து எட்டுப் பகுதிகளாக ஓர் ஒலி நாடகம் செய்தோம். அதில் காதல் முறிந்துபோன ஓர் ஆசிரியைக்கு நான் குரல் கொடுத்தேன். வெளிவந்த நாளிலிருந்து சந்தையில், கோயிலில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. நின்ற நிலையில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு இதையும் சொல்லியிருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அதனால் ஆறுதலாக இருந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஒலி நாடகம் எண்டா பழைய ரேடியோ நாடகம்தானே? இதில புதுசா என்ன இருக்கு?

அதேதான். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் 'சானா' என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் நாடகங்களைத் தயாரித்தார், சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடருக்காக வீடு வீடாகக் காத்திருந்தார்கள். என் அம்மா அந்தத் தொடரைப் பற்றி இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். எங்கள் ஊருக்கும் வானொலிக்கும் தனிச் சொந்தம் உண்டு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி பல வருடங்கள் இங்கே இருந்த ஒலிபரப்பு நிலையத்திலிருந்துதான் ஆசிய நாடுகளுக்குச் சிற்றலையில் பேசியது.

மாறியது கேட்கிற விதம். அப்போது ரேடியோ விறாந்தையில் இருக்கும், முழுக் குடும்பமும் சுற்றியிருந்து கேட்கும், குழந்தை அழும், சட்டி கழுவுவார்கள், அதையெல்லாம் தாண்டி நடிகரின் குரல் போக வேண்டும். இப்போது ஒருவர் இரவில் படுத்துக்கொண்டு இரண்டு காதிலும் செருகிக்கொண்டு தனியாகக் கேட்கிறார். என் வாய்க்கும் அவர் காதுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. எச்சில் விழுங்கினால்கூடக் கேட்கும். கீழே நான் சொல்லப்போகிற பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

ரீச்சருக்கு என்னதான் நடந்தது? நான் அஞ்சாம் பகுதியில இருந்துதான் கேட்டனான்.

கதை 2003ல் நடக்கிறது. டவுனுக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியாவுக்குப் பாலம் திறந்தது 2009ல். அதற்கு முன் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர் ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை.) 34 வயது ரீச்சர் ஒருவர் டவுனில் இருந்து தினமும் பாதை ஏறிப் படிப்பிக்கப் போகிறார். அவருக்குப் பெயரே கிடையாது, எல்லோரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதே பாதையில் வருகிற நில அளவையாளர் ஒருவரோடு ஏழு வருடப் பழக்கம், அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாம் பகுதியில் அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்து தன் கல்யாணக் கார்டை எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுக்கிறார். ரீச்சருக்கும் ஒன்று கொடுக்கிறார். கார்டில் இருப்பது வேறொரு பெண்ணின் பெயர். சுற்றி ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அடுத்த நாள் காலையும் ரீச்சர் அதே பாதையில் அதே மனிதரோடுதான் போக வேண்டும். மீதி ஐந்து பகுதியும் அந்தப் பயணங்கள்தான்.

எங்க வச்சுப் பதிஞ்சனீங்க? கொழும்புக்குப் போனீங்களோ?

இல்லை, உவர்மலையில் ஒரு வீட்டு உள்ளறையில். ஒரு பக்கம் சேலைகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தோம், மற்ற இரண்டு பக்கமும் மெத்தையைச் சாத்தினோம். துணி சத்தத்தைக் குடித்துவிடும், அதனால் அறைக்குள் எதிரொலி வராது. பகலில் ஆட்டோவும் காகமும் மீன்காரரின் ஹோர்னும் விடாது, எனவே இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் தொடங்குவோம். விடியப்புறம் கோயில் மணியும் பாங்கும் தொடங்குவதற்கு முன் முடித்துவிடுவோம். ஃபேன் போட முடியாது. நாங்கள் செய்தது கச்சான் காற்று அடிக்கிற காலம், இரவிலும் அனல், அதோடு ஜன்னல் கதவு வேறு கடகடவென்று ஆடும். அந்தக் காற்றால் மட்டும் இரண்டு இரவு வீணாய்ப் போனது.

எங்களை இயக்கியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேர் என்றுதான் கூப்பிடுவோம். பதிவு தொடங்கும்போது அறை விளக்கை அணைத்துவிடச் சொல்வார், என் கையில் இருக்கிற போன் திரையின் வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். வானொலிக்கென்றே எழுதி 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய முதல் நாடகம், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கணைந்து இருட்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையாம். கேட்கிறவனும் இருட்டில்தான் இருக்கிறான், நீயும் இருட்டில் இரு பிள்ளை என்பார். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. மற்றவர்களின் முகம் தெரியாவிட்டால் நம் முகத்தைப் பற்றிய நினைப்பும் போய்விடுகிறது.

அக்கா, உண்மையாவே அழுதீங்களா, இல்லாட்டி நடிச்சீங்களா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். இரண்டும் நடந்தது. உண்மையாக அழுத பதிவு ஒன்றுகூட நாடகத்தில் இல்லை. இரண்டாம் இரவு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை, அறையில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். சரி, அருமையாக வந்துவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் ஹெட்போன் போட்டுக் கேட்டால் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

காரணத்தை எங்கள் சேர்தான் கண்டுபிடித்தார். அழுதால் மூக்கு அடைத்துவிடும். மூக்கு அடைத்தால் மெல்லினம் வராது. ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் மூக்கால் போகிற ஒலிகள், வழி மூடினால் ம என்பது பகரத்தின் பக்கம் போய்விடும், ன என்பது டகரத்தின் பக்கம் போய்விடும். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட 'அப்பா' என்றுதான் கேட்கும். ரீச்சரின் முக்கியமான வசனமே 'ஒண்டுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கிறன்' என்பதுதான். அந்த ஒரு வரியில் ஏழு மெல்லினம் இருக்கிறது. ஏழும் கெட்டுப்போனால் கேட்கிறவருக்குத் தடிமன் பிடித்த ஒருத்தி ஏதோ முனகுவதுபோலத்தான் இருக்கும். மேடையிலும் படத்திலும் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, முகமும் கண்ணீரும் சொல்லிவிடும். எங்களிடம் சொல் ஒன்றுதான் இருக்கிறது, அது கேட்காவிட்டால் ரீச்சரே இல்லை.

அதனால் அழுகை வருவதற்கு ஒரு நிமிடம் முன் இருக்கிற நிலையில் நிற்கப் பழகினேன். தொண்டை அடைக்கும், ஆனால் மூக்கு இன்னும் அடைக்கவில்லை. துக்கம் வரும்போது அதிகம் காற்று எடுப்பதற்காக உடம்பு குரல்வளை வாயைத் திறந்து வைக்கப் பார்க்கிறது, நாம் விழுங்கும்போது அது மூட வேண்டும், அந்த இழுபறியைத்தான் தொண்டையில் உருண்டை என்று உணர்கிறோம். அந்த உருண்டையோடு பேசினால் குரல் இறுகி, சில சொல்லின் தொடக்கத்தில் காற்று மட்டும் வந்து ஒலி பிந்தி வரும். நீங்கள் கேட்டது அதைத்தான்.

மூண்டாம் பகுதியில கார்ட் வாங்கிற இடத்தில குரல் சடாரெண்டு உடையுதே, அது எப்பிடி?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். வசனம் இரண்டே வரி: 'கார்ட் வடிவா இருக்கு. எங்க அடிச்சனீங்க?' எட்டு முறை பதிந்தோம். எட்டிலும் நான் பாவப்பட்டவளாக இருந்தேன். கேட்டால் இரக்கம் வந்தது, ஆனால் அந்த அறையில் இருக்கிற ஒன்பது ஆசிரியர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கும், அவ்வளவு சோகம் குரலில் இருந்தது. சேர் பதிவை நிறுத்திவிட்டு, இது எந்த அழுகை பிள்ளை என்று கேட்டார். தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் நம்மை எளிமையாக்குவது. இழவு, இழப்பது. அசைவு, முன்பிருந்த நிலை கெட்டு வாடுவது. வறுமை உங்களுக்குத் தெரியும். நீ எட்டுத் தரமும் இழவை அழுதாய், இந்த இடத்தில் அவளுக்கு இழந்தது இன்னும் உறைக்கவே இல்லை, எல்லோருக்கும் கொடுத்த கார்டைத் தனக்கும் ஒன்றாகக் கொடுக்கிறான் பார், அந்த இளிவுதான் முதலில் வரும், இழவு இரவு வீட்டுக்குப் போன பிறகு வரட்டும் என்றார்.

சொன்னது விளங்கியது, ஆனால் விளங்கினால் மட்டும் குரல் வந்துவிடாது. அப்போது அவர் உள்ளே போய்ப் பழைய பெட்டியில் இருந்து ஒரு கல்யாணக் கார்டை எடுத்துவந்து என் கையில் தந்தார். யாருடைய கார்டோ, மஞ்சள் பூசிய மூலை மங்கிப்போயிருந்தது, மேலே பிள்ளையார் புடைத்து அச்சாகியிருந்தது. நீ ரீச்சர், கையில் எழுத்து வந்தால் முதலில் பிழைதான் பார்ப்பாய், இதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வசனத்தைச் சொல் என்றார். நான் போன் வெளிச்சத்தில் வரி வரியாகப் பார்த்தேன். 'கார்ட் வடிவா இருக்கு' என்று சொல்லும்போது கட்டைவிரல் பிள்ளையாரின் மேல் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சுரண்டல் சத்தம் பதிவில் இருக்கிறது, ஹெட்போனில் கேட்டால் தெரியும். அப்படியே அடுத்த வரிக்குப் போனபோது கண்ணில் பட்டது: 'சுற்றமும் நற்பும் சூழ'. நட்பு நற்பாகியிருந்தது. 'எங்க அடிச்சனீங்க' என்ற வரியில் 'எ' வந்தது, 'ங்க' வரவில்லை, ஒரு சின்ன இடைவெளி விழுந்து பிறகுதான் வந்தது.

ஒன்பதாவது பதிவு அது. அதற்குப் பிறகு பத்தாவது எடுக்கவில்லை. நான் அந்த நேரம் நினைத்தது துக்கமான ஒன்றையும் இல்லை, யாரோ இரண்டு பேர் இந்தப் பிழையோடு கல்யாணம் செய்து இப்போது பேரப்பிள்ளை கண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ரீச்சருக்கு அப்படி ஒரு பிழையுள்ள கார்ட்கூட இல்லையே என்பது எங்கிருந்தோ வந்து நெஞ்சில் முட்டியது.

நீங்க மேடையில நடிச்ச ஆள்தானே, இது லேசா இருந்திருக்குமே?

அதுதான் பெரிய கஷ்டம். பள்ளிக்கூட நாட்களில் இருந்து கூத்துப் பார்த்து, மேடையில் நின்று வளர்ந்த குரல் என்னுடையது. கடைசி வரிசையில் பாயில் இருக்கிற ஆச்சிக்கும் கேட்க வேண்டும் என்றே பழக்கியிருந்தார்கள். மைக் என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் பதிவு செய்கிற தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

குரலைக் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். குறைத்தால் உணர்ச்சியும் சேர்ந்து குறைந்தது. பிறகு சேர் ஒரு வழி சொன்னார்: மைக்கிடம் பேசாதே, மைக் இருக்கிற இடத்தில் ஒருவரின் காது இருப்பதாக நினை, அவருக்கு மட்டும் சொல். மேடையில் கையும் முகமும் செய்கிற வேலையை இங்கே மூச்சுதான் செய்கிறது. எங்கே மூச்சு எடுக்கிறோம், எடுத்ததை உடனே விடுகிறோமா பிடித்து வைக்கிறோமா என்பதைப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஆறாம் பகுதியில் அந்த மனிதர் வந்து பக்கத்தில் நிற்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. ரீச்சர் மூச்சைப் பிடிக்கிறார், அதிலிருந்துதான் கேட்கிறவர்களுக்கு அவர் வந்தது தெரிகிறது. நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அந்த ஆளோட நேருக்கு நேர கதைச்சுப் பதிஞ்சீங்களா?

இல்லை. அவருக்குக் குரல் கொடுத்தவர் மட்டக்களப்பில் இருக்கிறார், தனியாகப் பதிந்து அனுப்பினார். எனக்கு எதிரில் இருந்து அவருடைய வரிகளைச் சேர் வாசித்தார். எழுபது வயது மனிதரை என் காதலராக நினைக்க வேண்டியிருந்ததா என்று ஒரு தங்கச்சி கேட்டார். தேவைப்படவில்லை. முறிவுக்குப் பிறகு ரீச்சர் அவரிடம் பேசும்போதெல்லாம் அவருடைய முகத்தைப் பார்ப்பதே இல்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

உங்களுக்கும் இப்பிடி ஒண்டு நடந்திருக்கு, அதுதான் இவ்வளவு நல்லா வந்தது எண்டு சொல்லுகினம். உண்மையோ?

முப்பது வயது தாண்டிய யாருக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் நடந்தது. ஆனால் அதை ரீச்சருக்குக் கொடுக்கவில்லை. இரண்டாம் இரவு நிஜமாக அழுதேன் என்று மேலே சொன்னேனே, அன்றைக்குத்தான் என் சொந்தக் கதையை நினைத்துப் பேசினேன். பிறகு கேட்டபோது அது ரீச்சரின் குரலாக இருக்கவில்லை, யாரோ தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பாதை, பள்ளிக்கூடம், பிள்ளைகளின் கொப்பி எல்லாம் அந்தக் குரலில் இருந்து காணாமல் போய்விட்டன.

உண்மையில் நான் எடுத்தது என் அம்மாவிடமிருந்து. அம்மம்மா இறந்த வீட்டில் எல்லோரும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலில் நின்று வாடகைக்குக் கொண்டுவந்த கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கடைப் பெடியனிடம், 'நூற்றிருபது சொன்னனான் தம்பி, நூற்றிப் பதினெட்டுத்தான் வந்திருக்கு' என்றார். அவ்வளவு தெளிவான குரல், ஒரு நடுக்கமும் இல்லை, அந்த இரண்டு கதிரையும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. ரீச்சர் பேசும் ஒவ்வொரு வரியிலும் நான் அந்த இரண்டு கதிரையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

தொண்டை போகாதா? என்ன குடிச்சனீங்க?

சுடுதண்ணீர், அவ்வளவுதான். பால் ரீ குடித்தால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு சத்தம் வரும், அதனால் பதிவு நாட்களில் விட்டுவிட்டேன். எல்லோரும் கத்துவதற்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் கிசுகிசுப்பதும் தொண்டைக்குக் கஷ்டம், நீண்ட நேரம் அப்படிப் பேசினால் குரல் கரகரத்துவிடும். எனவே கிசுகிசுக்கிற காட்சிகளையும் உடைகிற காட்சிகளையும் அந்தந்த இரவின் கடைசியில் வைத்துக்கொண்டோம். இரவு எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும். பசித்தால் வயிறு போடுகிற சத்தமும் பதிவாகும்.

பஸ்ஸில கேட்டன், பாதி இடம் ரீச்சர் என்ன சொல்றா எண்டே விளங்கேல்ல. ஏன் இவ்வளவு மெல்லக் கதைக்கிறா?

இந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன். முதல் இரண்டு பகுதியில் மெல்லிய குரலுக்கும் உரத்த குரலுக்கும் இடையில் வித்தியாசத்தை அதிகமாக விட்டுவிட்டோம். அமைதியான அறையில் ஹெட்போனில் கேட்கும்போது அது அழகாக இருந்தது. நிலாவெளி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து கேட்கிறவருக்குக் காற்றுதான் கேட்கும். மூன்றாம் பகுதியில் இருந்து மெல்லிய இடங்களைத் தூக்கிவிட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஏழாம் பகுதியில் ஓர் இடத்தை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. ரீச்சர் வீட்டில் தனியாக அந்த மனிதரின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். அது யாருக்கும் கேட்கக் கூடாது என்றே சொல்வது. அந்த ஓர் இடத்தைத் தயவுசெய்து வீட்டில் இருந்து கேளுங்கள்.

பாதைச் சத்தம் பிழை. நான் கிண்ணியா ஆள், எனக்குத் தெரியும்.

இது கேள்வி இல்லை, ஆனால் பலர் சொன்னார்கள், சொன்னதும் சரிதான். பாலம் வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பாதையின் சத்தத்துக்கு எங்கே போவது? மீன்பிடி வள்ளத்து எஞ்சின், ஓர் இரும்புக் கேற், தண்ணீர்ச் சத்தம் மூன்றையும் சேர்த்துச் செய்தோம். கிண்ணியாவில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, 'மகள், வாகனம் ஏறினா தகடு ரெண்டு தரம் அடிக்கும், முன்சில்லுக்கு ஒண்டு, பின்சில்லுக்கு ஒண்டு, நீங்க ஒருதரம்தான் போட்டிருக்கிறீங்க' என்றார். ஆறாம் பகுதியில் இருந்து இரண்டு தரம் அடிக்கிறது. அவர் சொன்ன பிறகு பழைய பகுதிகளைக் கேட்டால் எனக்கே ஏதோ குறைவதுபோல இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் எழுதிய பிரதியில் காற்றில் பாதை ஆடுகிற காட்சி ஒன்று இருந்தது. 2021 நவம்பர் 23ல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்த ஊர் அது. அந்தத் தாய்மாரும் இந்த நாடகத்தைக் கேட்கக்கூடும். அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம், கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசியில ரீச்சர் ஏன் ஒண்டுமே செய்யேல்ல? சண்டை பிடிக்கேல்ல, சாகவும் இல்ல. காதல் தோல்வி எண்டா ஒரு முடிவு வேணாமா?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுவாமி மலையில் கோணேசர் கோயில் பக்கம் 1687ஆம் ஆண்டு பொறித்த ஒரு பழைய தூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுக்காரப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து அந்த மலையில் இருந்து கடலில் குதித்தாள் என்று சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போனால் கைபிடிச் சுவரருகே நின்று கீழே தண்ணீரைப் பார்த்து அந்தக் கதையைச் சொல்லாத ஆள் குறைவு. ஆனால் டச்சு ஆவணங்களில் அந்தப் பெண் பிறகும் உயிரோடு இருந்து வேறொருவரைக் கல்யாணம் செய்ததாக இருக்கிறதாம். குதித்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம், வாழ்ந்த கதையை ஒருவரும் சொல்வதில்லை.

ரீச்சர் ஒன்றும் செய்யவில்லை என்பதும் சரியில்லை. மேலே கேட்ட கேள்விக்குச் சொன்னதுபோல, அந்த மனிதரோடு அதே பாதையில் ஏறிக்கொண்டே இருக்கிறார். வேறு நேரத்துக்குப் போயிருக்கலாம், இடமாற்றம் கேட்டிருக்கலாம். எட்டாம் பகுதியில் நேரம் பிந்தி ஓடிவரும் ஒரு சின்னப் பிள்ளைக்காகப் பாதைக்காரரிடம் 'கொஞ்சம் பொறுங்கோ' என்று சத்தம் போடுகிறார். எட்டுப் பகுதியிலும் ரீச்சர் குரலை உயர்த்துகிற ஒரே இடம் அது. அதை நான் மேடைக் குரலில் சொன்னேன், பதிவு செய்த தம்பி இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றவில்லை.

இப்பவும் ரீச்சர் உங்களுக்குள்ள இருக்கிறாவா?

பதிவு முடிந்து இரண்டு கிழமை இருந்தார். அம்மாதான் கவனித்தார், 'நீ ஏன் வீட்டில மெல்லக் கதைக்கிறாய்' என்று கேட்டார். நான் மெல்லப் பேசுவது எனக்குத் தெரியவே இல்லை. வாக்கியத்தின் கடைசியில் மூச்சைப் பிடித்து நிறுத்துகிற பழக்கமும் வந்துவிட்டிருந்தது, மார்பு எப்போதும் இறுகிய மாதிரி இருந்தது. உடம்புக்கு நாம் நடித்தோம் என்பது தெரியாது, இறுகச் சொன்னால் இறுகும்.

சேர் சொன்னதன்படி, ஒவ்வொரு இரவும் பதிவு முடிந்ததும் நான் என் பெயரைச் சொல்லி, நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்று வேலையைச் சத்தமாகச் சொல்வேன். ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. பிறகு எல்லோருமாக டச் பே பக்கம் நடப்போம், அந்த நேரத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள் கடற்கரையோரம் வந்து நிற்கும், ஆள் போனாலும் விலகாது. உளுந்து வடையும் பிளேன் ரீயும் கிடைக்கிற கடை திறந்தால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். இதைச் செய்யாமல் நேரே போய்ப் படுத்த இரண்டு நாளும் எனக்கு நித்திரை வரவில்லை.

எனக்கும் இப்பிடித்தான் முறிஞ்சது. கேட்ட பிறகு ரெண்டு நாளா நித்திரை இல்ல. நானும் உங்களோட சேர்ந்து குரல் குடுத்தா மனம் ஆறுமா?

இப்படிக் கேட்டவர்கள் நான்கு பேர். உங்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நித்திரை இல்லாமல், சாப்பிட மனமில்லாமல் நாட்கள் போனால் நாடகத்தை நிறுத்தி வையுங்கள், ஏழாம் பகுதியைக் கேட்கவே வேண்டாம். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் அது, எந்த நேரமும் எடுக்கலாம். காதல் முறிவுக்கெல்லாம் எடுப்பதா என்று வெட்கப்பட வேண்டாம்.

குரல் கொடுக்க வரலாமா என்றால், வரலாம், ஆனால் மனம் ஆறுவதற்கென்று வராதீர்கள். சொந்தக் கதையை மைக்கின் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆறிய பிறகு வாருங்கள், ஆறு மாதம் கழித்து என்றாலும் சரி, நாங்கள் இங்கேதான் இருப்போம். வந்தாலும் முதல் நாள் அழுகிற காட்சி ஒன்றும் தரமாட்டோம், பாதையில் மீன் கூடையோடு ஏறி 'தள்ளி நில்லுங்கோ தம்பி' என்று சொல்கிற பெண்ணின் வரியைத்தான் தருவோம். எனக்கும் முதல் நாள் அதைத்தான் தந்தார்கள்.